வைக்கோலும் உமியும் பசுமைக் கட்டடச் சான்றிதழும்

சூடு மிதித்தபின் எஞ்சும் வைக்கோலும் ஆலையிற் குவியும் உமியும் இக்காலத்திற் கட்டடப் பலகைகளாகவும் செய்யப்படுகின்றன. "பசுமைக் கட்டடத்துக்கு ஏற்றது; கூடிய விலை தருவோம்" என்று வியாபாரி கூறின், வைக்கோலை விற்குமுன் கமக்காரர் சில விடயங்களை அறிந்திருத்தல் நன்று.

சான்றிதழ் கட்டடத்துக்கே வழங்கப்படுவது, பொருளுக்கன்று. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வகுத்த 'லீட்' முறையில் ஒரு கட்டடம் குறைந்தது 40 புள்ளிகள் பெறல் வேண்டும். நீர், மின்சக்தி, கட்டடப் பொருள் முதலியவற்றுக்குப் புள்ளிகள் பகுக்கப்பட்டுள்ளன. இலங்கைப் பசுமைக் கட்டட மன்றமும் தனியொரு முறையை வகுத்துள்ளது.

லீட் முறையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பத்து ஆண்டுகளுக்குள் வளர்ந்து அறுவடையாகும் பொருள்கள் மொத்தப் பொருட்செலவில் நூற்றுக்கு 2½ பங்காயின் ஒரு புள்ளி கிடைத்தது. பொருட்செலவு 100 இலட்சம் ரூபாவாயின் இது 2½ இலட்சமாகும். வைக்கோலும் மூங்கிலும் இதில் அடங்கின. முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும் பனைமரம் அடங்கவில்லை.

2013ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்விதியை மாற்றியது. விரைந்து வளர்தல் மாத்திரம் போதாதாயிற்று. பயிர் நிலைபேறான விவசாயத் தராதரத்துக்கமைய விளைந்தது என்னும் அத்தாட்சியும் கதிர்க்காபன் சோதனையும் வேண்டப்பட்டன. தாவரக் காபன் எவ்வளவு, பெற்றோலியக் காபன் எவ்வளவு என்பதை இச்சோதனை காட்டிவிடும்.

சீமெந்துடன் கலக்கப்படும் உமிச்சாம்பலின் நிலை வேறு. எரியும்போது காபனிற் பெரும்பகுதி நீங்கிச் சிலிக்காவே எஞ்சுவதால், அதனைத் தாவரப் பொருளாகவன்றிக் கழிவின் மீள்பயனாகக் கொள்வதே பொருத்தமாகும்.

எனவே, பொருள் நல்லதாயிருப்பினும் அத்தாட்சியின்றேற் புள்ளியில்லை. எம்முறை, எப்பதிப்பு, அத்தாட்சிச் செலவு யாருடையது என்பவற்றை வியாபாரியிடம் எழுத்திற் பெறுக. விதையினம், இட்ட பசளை, தெளித்த மருந்து, அறுவடைத் திகதி ஆகியவற்றைக் குறிப்பேட்டிற் பதிந்து வருக. தனியொருவர் அத்தாட்சிச் செலவைத் தாங்குதல் அரிதாகையாற் கமக்காரர் சங்கமாகச் சேர்ந்து முயல்வதே சிறந்தது.

இன்னுமொன்று. நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்திற் பெரும்பங்கு மணியிலன்றி வைக்கோலிலேயே தங்குகின்றது. வைக்கோல் முழுவதையும் விற்பவர் அவ்வூட்டத்தை மறுபோகத்திற் பணங்கொடுத்து வாங்க நேரிடும். ஆதலால், கிடைக்கும் விலையிலிருந்து அப்பசளைச் செலவைக் கழித்தே இலாபத்தைக் கணித்தல் வேண்டும். ஆலையிற் சேரும் உமியை முதலில் விற்கலாம். வைக்கோலிலோ, வயலுக்கும் மாட்டுக்கும் வேண்டியது போக மிஞ்சுவதே விற்பனைக்குரியது.