மண்ணும் கறையானும் சொன்ன சாட்சி

புன்னைக்காயலில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில், ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். அதில் உடைந்த சிப்பித் துண்டுகள் இருக்கும். எலுமிச்சைச் சாற்றை விட்டால் அவை நுரைக்கும். காந்தத்தைக் காட்டினால் சில கருந்துகள்கள் ஒட்டிக்கொள்ளும். திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி மணலோ வேறு. குவார்ட்ஸ் துகள்கள்மீது இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல் அது. தேரியில் நடந்துவிட்டு, “ஆற்றுமுகத்தை விட்டு நான் அகலவே இல்லை” என்று ஒருவன் சாதித்தால், அவன் செருப்பே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தடய அறிவியலார் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54. அதே எண் கொண்ட நீர்மத்தில் குவார்ட்ஸ் துகளை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பு மறைந்து துகளே காணாமல் போகும். கார்னெட் துகளின் எண் 1.7க்கும் மேல், ஆகவே அது மறையாது. (வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம், “கரைந்துவிட்டது சார்!” என்று ஒரு குரல் எழாமல் இராது.)

இப்படிப்பட்ட மண் ஒருமுறை லண்டன் நீதிமன்றம் வரை போயிற்று. 1976-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த விஸ்வநாத சுவாமி கோயிலருகே தோண்டியபோது ஒரு நடராஜர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. அது இரகசியமாகக் கைமாறி மறைந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனமொன்று வாங்கியிருந்த நடராஜர் சிலையை லண்டன் போலீசார் கைப்பற்றினர். பத்தூர் சிலைதானா இது? சிலை வாய் திறந்து ஊர் பெயரைச் சொல்லுமா?

நல்லவேளையாக, பத்தூரில் அதே இடத்தில் வேறு வெண்கலச் சிலைகளும் கிடைத்திருந்தன. அவற்றோடு லண்டன் சிலையை ஒப்பிட்டார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சிற்ப அமைதியைப் பற்றிச் சாட்சி சொன்னார். உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும் ஆராயப்பட்டன. இவற்றோடு கறையான் தடங்களும் சாட்சியாக வந்தன!

கறையான் வெண்கலத்தைத் தின்னாது. ஆனால் வெளிச்சமும் வறண்ட காற்றும் அதற்கு ஆகா. எனவே மண்ணை உமிழ்நீரோடும் கழிவோடும் குழைத்து, கூரையிட்ட சிறு பாதை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடமாடும். வழியில் சிலை இருந்தால் அதன்மேலும் பாதை ஏறும். காய்ந்தபின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரே மண்ணில் புதைந்து கிடந்த சிலைகளில் ஒரே விதமான தடங்களை எதிர்பார்க்கலாம் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். காவிரிப் படுகையில் ஊருக்கு ஊர் மண் பெரிதும் மாறிவிடுவதில்லை. மண் பொருந்தாவிட்டால் “இந்த இடமல்ல” என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினாலோ “இந்த இடமாக இருக்கலாம்” என்பதோடு நிறுத்த வேண்டும். அதனால்தான் உலோகம், சிற்பம், கறையான் என்று பல சாட்சிகள் தேவைப்பட்டன.

அது பத்தூர் நடராஜரே என்று 1988-இல் தீர்ப்பாயிற்று. 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. பாழடைந்த கோயிலே வழக்காடும் உரிமை பெற்றது என்பது இதில் இன்னொரு விந்தை. அந்த ஆண்டே நடராஜர் தாயகம் திரும்பினார்.