துருப்பிடித்த மோட்டார் சைக்கிளுக்கு எந்தப் பூச்சு நல்லது?

கொடைக்கானல் பனிமூட்டத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். கண்ணுக்கு அது குளிர்ச்சி. இரும்புக்கோ அது எமன்!

ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும். மழை நின்ற பிறகும் மூட்டம் விலகாது. மழைத் தண்ணீரைத் துணியால் துடைத்துவிடலாம். மூட்டத்தின் ஈரமோ ஸ்போக் கம்பியின் இடுக்கு, மட்கார்டின் அடிப்பக்கம், திருகின் மரை எல்லாவற்றிலும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

சமவெளியில் பல வருஷம் பளபளத்த சைலென்சருக்கு, மலைக்கு வந்த சில மழைக்காலத்திலேயே சொறி பிடித்துவிடும்.

பழனி மலையில் இன்றும் பழைய புல்லட் வண்டிகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் அந்த ஆங்கிலக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தார்கள். சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ஆங்கிலக் கம்பெனியின் உற்பத்தி 1970-ல் நின்றுவிட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது!

அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று பாசத்தோடு வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்க நினைக்கிறார்கள். உடனே வாயில் வருவது ஒரே வார்த்தைதான்: "எல்லாவற்றுக்கும் குரோமியம் போட்டுவிடு!"

அங்கேதான் ஆபத்து.

பளபளப்பது குரோமியம், காப்பது நிக்கல்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈயம் தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறும். முலாமும் அதைப் போன்றதே.

1920-களின் பிற்பகுதி வரை மோட்டார் சைக்கிள்களுக்கு நிக்கல் முலாம்தான் போட்டார்கள். அதன் பிறகு குரோமியம் வந்தது. நிக்கலை அது ஒதுக்கிவிடவில்லை. இன்றும் முதலில் நிக்கல், அதன் மேல்தான் குரோமியம்.

மேலே உள்ள குரோமியத்தின் கனம் என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குகூட இல்லை! அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. ஈரம் இரும்பைத் தொடாமல் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல்.

ஆகவே பட்டறைக்காரரிடம், "பளபளப்பாக இருக்குமா?" என்று கேட்காதீர்கள். எல்லா முலாமும் முதல் நாள் பளபளக்கும். "நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். கூலியைக் குறைப்பவர் பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான் குறைப்பார்.

ஹாண்டில்பார், விளக்கின் வளையம், சைலென்சர்: இவற்றுக்குக் குரோமியம் சரி.

ரிம் விஷயத்தில் யோசிக்க வேண்டும். துரு குழி போட்டுவிட்டால், குழி மறைய ரிம்மை ராவித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தகடு மெலியும். ஸ்போக் துளையைச் சுற்றிக் குழி விழுந்த ரிம்மை எடைக்குப் போட்டுவிட்டு, புது ரிம் வாங்குவதே நல்லது.

முன்போர்க்கின் குழாய்களுக்கு அழகு முலாம் ஆகவே ஆகாது. அதற்கு வேண்டியது கனமாக ஏற்றிச் சாணை பிடிக்கும் கெட்டிக் குரோமியம். சாதாரண முலாம் உரிந்தால் ஆயில் சீல் கிழியும், எண்ணெய் ஒழுகும்.

விரிசலை மூடும் அழகு

பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 65 கிலோ மீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு மூட்டையோடும் வண்டிகள் போகின்றன. பாரமும் பள்ளமும் சேர்ந்து வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸை முறுக்குகின்றன. வெல்டிங் வைத்த இடங்களில் மயிரிழை போல் விரிசல் விடலாம்.

அதன் மேல் கனமான பூச்சைப் போட்டால் என்ன ஆகும்? விரிசல் மறையும், ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரு நாள் சேஸிஸ் முறிந்தால், வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன?

பூச்சுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவு சில ரூபாய்தான். பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுங்கள். வெல்டிங் இடங்களில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் ஊறி வெளியே வரும். வெள்ளைத் தூளில் ஈரக் கோடு தெரியும்! தெரிந்தால் முதல் வேலை பெயிண்டருக்கு அல்ல, வெல்டருக்கு.

இப்போது எங்கும் பவுடர் கோட்டிங் மோகம். வண்ணத் தூளுக்கு மின்சாரம் ஏற்றி இரும்பின் மேல் வீசி, சுமார் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும் முறை அது. கெட்டியானது, சந்தேகமில்லை. கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால்தான் தொல்லை. ஈரம் அந்த வழியாகப் புகுந்து, தோலுக்கு அடியில் புண் பரவுவது போல் துரு பரவும். மேலே ஒன்றும் தெரியாது.

ஸ்டாண்டு, சாமான் கேரியர், பாட்டரிப் பெட்டி ஆகியவற்றுக்குப் பவுடர் கோட்டிங் போடலாம். மலையில் ஓடும் வண்டியின் சேஸிஸுக்கு நல்ல பிரைமரும் பெயிண்டுமே மேல் என்பது என் கட்சி. பெயர்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வீட்டிலேயே தொட்டுவிடலாம். புது விரிசலும் மெல்லிய பெயிண்டில் சீக்கிரம் கண்ணில் படும்.

நட்டு, போல்ட், சுருள் வில்

நட்டு, போல்ட்டுக்குத் துத்தநாக முலாம் போதும். விலையும் மலிவு. இரும்பைக் காப்பாற்றத் துத்தநாகம் தன்னையே அரிக்கக் கொடுக்கும்.

சுருள் வில், இறுக்கமான கடின போல்ட் ஆகியவற்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். முலாம் போடும்போது, அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் வாயு கடின எஃகுக்குள் புகுந்துகொள்ளும். உடனே பல மணி நேரம் சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால், பார்க்கப் புதிதாய் இருக்கும் வில் ஒரு நாள் 'டக்' என்று ஒடியும்!

பிரேக் டிரம்மின் உட்பக்கம்? ஒரு பூச்சும் கூடாது. அங்கே வழவழப்பு வந்தால் பிரேக் பிடிக்காது.

எஞ்சினின் அலுமினிய மூடிகளுக்கு முலாம் தேவையே இல்லை. பாலிஷ் போட்டு, மெழுகு தேய்த்தால் கண்ணாடிதான்.

சைலென்சர் வெளியே மட்டுமா துருப்பிடிக்கிறது? உள்ளேயும்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். குளிரில் கடைவீதி வரை போய்த் திரும்பினால் சைலென்சர் சூடேறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். வாரம் ஒரு தடவையாவது வண்டியை நீண்ட தூரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். எந்த முலாமும் செய்யாத வேலையை அது செய்யும்.

வீட்டுக் கொல்லையில் வேண்டாம்

வீட்டிலேயே முலாம் போடலாம் என்று சில பிள்ளைகள் கிளம்புகிறார்கள். தாய்மார்கள் தடுக்க வேண்டும்! குரோமியத் தொட்டியின் ஆவியும் கழிவும் விஷம், புற்றுநோய் தரக்கூடியவை. ராணிப்பேட்டையில் குரோமியத் தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடிய பிறகும், அது விட்டுச் சென்ற கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. கொடைக்கானலிலும் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கதையை ஊரே அறியும். மலையில் ஊற்றியது மலையில் நிற்காது. கீழே குடிக்கிறவர்களின் குடத்துக்கு வந்து சேரும்.

பாகங்களை மதுரைக்கோ கோவைக்கோ கொண்டுபோய், முறையாகக் கழிவைச் சுத்தம் செய்யும் பட்டறையில் கொடுங்கள்.

கொடுக்கும்முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைச் சூடு தாங்கும் ஒட்டுத்தாளால் மூடச் சொல்லுங்கள். 15 வருஷம் கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, அந்த நம்பரைத்தான் அதிகாரி முதலில் தேடுவார்.