குட்டிப் பாப்பாவுடன் கடற்கரைக்கு!

கன்னியாகுமரிக்கு உல்லாசப் பயணம் வருகிறவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு 133 அடி உயர வள்ளுவர் சிலை எதற்கு? பாறையில் ஓடும் நண்டு போதுமே!

ஆகவே, ஒரு மாலைப் பொழுதைக் கடியப்பட்டணத்துக்கு ஒதுக்குங்கள். மணவாளக்குறிச்சிக்கு அடுத்த மீனவர் ஊர் இது. முட்டம் கலங்கரை விளக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. வள்ளியாறு கடலில் கலப்பதும் இங்கேதான். கரையில் சில இடங்களில் மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், மோனசைட் போன்ற தாதுக்கள் கலந்த மணல் அது. பாப்பா அதை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலையில் கால் நனைக்க மட்டும் அவசரப்படாதீர்கள். "கள்ளக்கடல்" என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது. கடல் திடீரென்று கரைமேல் ஏறும்! எங்கோ தென்கடலில் வீசிய பலத்த காற்று எழுப்பிய அலைகள், பல நாள் ஓடி வந்து இங்கே மோதுகின்றன. 2024 மே 6-ந்தேதி இதே மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோய்விட்டது. வாலிபர்களுக்கே அந்தக் கதி என்றால், தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை என்ன செய்யும்? எச்சரிக்கை விடுத்த நாளில் மணலில்கூட இறங்க வேண்டாம்.

அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். மரத்தால் ஆன அழகிய அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை. மாடிப்படிகள் செங்குத்தானவை, பாப்பாவை அப்பா தூக்கிக்கொள்ளட்டும். அம்மாவும் கொஞ்சம் அரண்மனையைப் பார்க்க வேண்டாமா?