நட்சத்திரமும் ஒரு குமிழியும்

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது; அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். நட்சத்திரங்களை வைத்து நேரத்தைத் துல்லியமாகக் கணிப்பது அங்கே நடந்த முக்கிய வேலை. நேரம் சரியாகத் தெரிந்தால்தான் கடலோடிக்குத் தான் இருக்கும் இடம் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் நட்சத்திரத்தையும் நேரத்தையும் வைத்து இடம் காணும் இந்தக் கணக்கை நடுவானில் போட்டவர்கள் குண்டுவீச்சு விமானத்தின் நேவிகேட்டர்கள். 1962இல் இலங்கை விமானப்படைத் தளபதியான ரோகன் அமரசேகர அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் விமானங்களில் பறந்து டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கத்தை இருமுறை பெற்றவர்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் கடிகாரம் 4 விநாடி பிசகினாலே, நிலநடுக்கோட்டருகே கணக்கில் 1.85 கிலோமீட்டர் தவறிவிடும். நட்சத்திரத்தின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளக்கும்போது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலும் அதே அளவு தவறு வரும்.

கப்பலில் இருப்பவர் தொடுவானத்தைப் பார்த்து அளப்பார். இரவு விமானத்தில் தொடுவானம் ஏது? அதனால் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதைப் போன்ற ஒரு குமிழியைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். விமானம் சற்றே திரும்பினாலும் வேகம் மாறினாலும் குமிழி நகர்ந்து பொய் சொல்லும். பல அளவுகள் எடுத்துச் சராசரி பார்த்தாலும் பிழை முழுவதும் நீங்காது. போதாததற்கு, கண்ணுக்குத் தெரியாத காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

விளைவை, குண்டுவீச்சின் துல்லியத்தை ஆராய்ந்த பிரிட்டனின் பட் அறிக்கை 1941இல் வெளிப்படுத்தியது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு 8 கிலோமீட்டருக்குள் போயிருந்தது. மற்றவற்றின் குண்டுகள் வயலிலும் விழுந்தன, வீடுகளிலும் விழுந்தன. அதன் பிறகே கீ என்ற ரேடியோ வழிகாட்டியும் எச்2எஸ் ரேடாரும் வந்தன. போர் முடிவதற்குள் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள்.

இன்று தி.நகர் சந்துக்குள் வாடகைக் கார் வீட்டு வாசலுக்கே வருவதும் கடிகாரத்தின் தயவால்தான். ஜி.பி.எஸ். கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தூரம் 300 மீட்டர் தவறும். செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள் அந்தத் தவறு நேராமல் காக்கின்றன. அவை இல்லாத காலத்தில், சுடப்படும் விமானத்துக்குள் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட இளைஞர்களின் துணிவை மதிப்போம். துணிவு இருந்தும் குண்டு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்வோம்.