இடித்தால் மறுபடியும் கட்டலாம்! 15 ஆண்டு தாண்டியும் மவுசு குறையாத "கட்டை" விளையாட்டு

ஒரு நாட்டுக்கே வெடி வைத்து விட்டார்கள்! கட்டிடங்கள் தூள் தூளாக சிதறின. இடிந்த இடத்தில் அமெரிக்க கொடியை நாட்டி விட்டு ஆசாமிகள் கம்பி நீட்டி விட்டனர்.

ஆனால் ஒரு உயிர் கூட போகவில்லை. யாருக்கும் சின்ன கீறல் கூட இல்லை.

காரணம், வெடித்தது நிஜ நாடு அல்ல. கம்ப்யூட்டருக்குள் கட்டப்பட்ட நாடு!

2014-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. வெடி வைக்கப்பட்ட நாடு டென்மார்க். சம்பவம் நடந்த இடம், "மைன்கிராப்ட்" என்ற வீடியோ விளையாட்டு.

இது பற்றிய விவரம் வருமாறு:-

டென்மார்க் அரசாங்கத்தில் நில அளவை, வரைபடம் இவற்றை கவனிக்க ஒரு இலாகா உண்டு. நம்ம ஊர் சர்வே ஆபீஸ் மாதிரி. அந்த இலாகா தன் கையில் இருந்த வரைபட கணக்குகளை வைத்து, முழு டென்மார்க்கையும் அந்த விளையாட்டுக்குள் கட்டியது. ரோடு, வீடு, மேடு, பள்ளம் எதுவும் பாக்கி இல்லை. பொம்மை சைசும் அல்ல. நிஜ அளவு! பள்ளிக்கூட பிள்ளைகள் பார்த்து படிக்கட்டும் என்பது நோக்கம். 2014 ஏப்ரலில் எல்லோருக்கும் கதவை திறந்து விட்டார்கள்.

வெடிமருந்துக்கு முன்கூட்டியே தடை போட்டிருந்தார்கள். ஆனால் சுரங்கத்தில் ஓடும் தள்ளு வண்டியில் வெடிமருந்தை ஏற்றி வந்தால்? அதை தடுக்க மறந்து விட்டார்கள். அந்த ஓட்டை போதாதா? விஷமிகள் புகுந்து விட்டார்கள்.

நல்ல வேளையாக சேதம் ஒரு சின்ன பகுதியோடு நின்றது. அதுவும் பெரிய விஷயம் இல்லை. கட்டையை எடுத்து மறுபடியும் அடுக்கினால் தீர்ந்தது.

இடித்தால் மறுபடியும் கட்டலாம். இந்த விளையாட்டின் உயிரே இந்த ஒரு சங்கதியில்தான் இருக்கிறது.

30 கோடி

மைன்கிராப்ட் முதன் முதலில் வெளியே வந்தது 2009 மே மாதம். 2023 அக்டோபரில் விற்பனை 30 கோடியை தாண்டி விட்டதாக அறிவிக்கப்பட்டது. தனி ஒரு வீடியோ விளையாட்டு என்ற கணக்கில் உலகத்தில் முதல் இடம் இதற்குத்தான்.

வீடியோ விளையாட்டும் சினிமா படம் மாதிரிதான். வந்த புதுசில் கூட்டம் அலைமோதும். இரண்டு, மூன்று வருஷத்தில் பழசாகி விடும். அப்புறம் சீண்ட ஆள் இருக்காது. ஆனால் இது மட்டும் விதிவிலக்கு. 2009-ல் பத்து வயதில் இதை ஆடிய பையனுக்கு இப்போது கல்யாண வயது. அவன் விட்ட இடத்தில் அக்கா பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

இத்தனைக்கும் பார்க்க அழகாக இருக்குமா என்றால், அதுவும் கிடையாது. எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன் கூட சதுரம்!

அப்படி என்ன இருக்கு?

ஆட்டம் தொடங்கியதும் ஒரு வெட்டவெளியில் நிற்பீர்கள். கையில் காலணா கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. மரத்தை கையால் அடித்தால் கட்டை விழும். கட்டையை பலகை ஆக்கலாம். பலகையில் கோடாலி செய்யலாம். கல்லை உடைக்கலாம். மண்ணை தோண்டி இறங்கினால் நிலக்கரி, இரும்பு, தங்கம். இன்னும் ஆழம் போனால் வைரம்!

விளையாட்டில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிஷம்தான். பொழுது சாய்ந்தால் ஆபத்து. செத்தவன் எழுந்து வருவான். எலும்புக்கூடு அம்பு விடும். "கிரீப்பர்" என்ற பச்சை நிற பூதம் சத்தம் போடாமல் பின்னால் வந்து நின்று, "உஸ்ஸ்" என்று சீறி, தானும் வெடித்து சுவரையும் தகர்த்து விடும். ஆகவே இருட்டுவதற்குள் ஒரு குடிசையாவது போட்டாக வேண்டும்.

இந்த பச்சை பூதம் பிறந்த கதை வேடிக்கையானது. விளையாட்டை உருவாக்கியவர் முதலில் செய்ய நினைத்தது ஒரு பன்றி! நீளத்தையும் உயரத்தையும் மாற்றி போட்டு விட்டார். பன்றி நெட்டையாக நின்றது. அட, இதுவும் நல்லா இருக்கே என்று அதையே பூதம் ஆக்கி விட்டார்.

பூதமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. அதற்கு என்று உள்ள முறையில் ஆடினால், வேண்டிய கட்டை வேண்டிய அளவு கிடைக்கும். பறக்கவும் செய்யலாம். கோட்டை, கோவில், ரயில் நிலையம் எது வேண்டுமானாலும் கட்டலாம். கம்பி இழுத்து மின்சாரம் விடுவது போல ஒரு சிவப்பு தூளும் உண்டு. அதை வைத்து, விளையாட்டுக்குள்ளேயே கணக்கு போடும் எந்திரத்தை செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

கைவிட்டவரும் கை வைத்தவரும்

இதை உருவாக்கியவர் மார்க்கஸ் பெர்சன். சுவீடன் நாட்டுக்காரர். ஸ்டாக்ஹோம் நகரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொண்டிருந்தார். 7 வயதிலேயே அப்பாவின் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத பழகியவர். மைன்கிராப்ட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 29.

இது முழுக்க முழுக்க அவர் மூளையில் உதித்தது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஜாக் பார்த் என்பவர் அதே 2009-ம் ஆண்டு, கட்டைகளை தோண்டும் "இன்பினிமைனர்" என்ற விளையாட்டை வெளியிட்டார். அதன் உள் ரகசியங்கள் வெளியே கசிந்து விட்டன. ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றி ஆட ஆரம்பித்தார்கள். பார்த் வெறுத்துப் போய் கைவிட்டு விட்டார். அந்த விளையாட்டை பார்த்த பெர்சனுக்கு பொறி தட்டியது.

வேலை முழுசாக முடிவதற்கு முன்பே, 2009 ஜூனில் விற்பனையை தொடங்கினார். வீடு கட்டி முடியும் முன்பே குடி வைத்த கதைதான். வந்தவர்கள் குறை சொல்லச் சொல்ல இவர் திருத்திக் கொண்டே இருந்தார். விளம்பரத்துக்கு செலவு செய்யவில்லை. வாங்கியவன் பக்கத்தில் இருப்பவனிடம் சொன்னான். அவன் இன்னொருவனிடம் சொன்னான். 2011 ஜனவரியில் விற்பனை 10 லட்சத்தை தொட்டது.

பணம் கொட்டிய வேகத்தை பார்த்து, வசூல் செய்து கொடுத்த நிறுவனமே சந்தேகப்பட்டது. 2010 செப்டம்பரில் அவருடைய கணக்கை முடக்கி வைத்தது. அப்போது அந்த கணக்கில் இருந்தது 6 லட்சம் ஈரோவுக்கு மேல்!

15 ஆயிரம் கோடி

புகழ் ஏறியது. கூடவே தலைவலியும் ஏறியது. விளையாட்டில் சின்ன மாற்றம் செய்தாலும் லட்சம் பேர் சண்டைக்கு வந்தார்கள். 2011 கடைசியிலேயே விளையாட்டை கவனிக்கும் தலைமை பொறுப்பை ஜென்ஸ் பெர்கென்ஸ்டன் என்பவரிடம் ஒப்படைத்து விட்டார். அப்போதும் நிம்மதி இல்லை. 2014 ஜூனில், "என் பங்கை யாராவது வாங்கிக் கொள்கிறீர்களா?" என்ற தொனியில் டுவிட்டரில் எழுதினார்.

மைக்ரோசாப்ட் கம்பெனி முன் வந்தது. 250 கோடி டாலர் விலை பேசப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 15 ஆயிரம் கோடி ரூபாய். பணத்துக்காக அல்ல, மன நிம்மதிக்காக விற்கிறேன் என்று சொல்லி விட்டு பெர்சன் வெளியேறினார்.

அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் பகுதியில் 7 கோடி டாலருக்கு ஒரு பங்களா வாங்கினார். ஆயினும் என்ன? 2015 ஆகஸ்டில், தான் இவ்வளவு தனிமையை உணர்ந்ததே இல்லை என்று அவரே டுவிட்டரில் புலம்பினார். 2019-ல் மைன்கிராப்ட்டின் 10-வது ஆண்டு விழா நடந்தது. விளையாட்டை படைத்தவருக்கே அழைப்பு இல்லை! டுவிட்டரில் அவர் தெரிவித்து வந்த கருத்துகளே காரணம் என்று கம்பெனி தரப்பில் கூறப்பட்டது.

கொத்தனார் போய் விட்டார். வீடு நிற்கிறது. ஏன் என்றால், அந்த வீட்டை அவர் ஒருவர் மட்டும் கட்டவில்லை. ஆடிய ஒவ்வொருவரும் ஆளுக்கு நாலு கட்டை வைத்திருக்கிறார்கள்.

பூமியை விட பெரிசு

கடையில் விற்கும் மற்ற விளையாட்டுகளில் பத்து கட்டம் தாண்டினால் வெற்றி. அதோடு கதை முடிந்தது. இதிலும் பறக்கும் டிராகன் ஒன்று இருக்கிறது. கொன்றால் முடிவுரை ஓடும். ஆனால் அதற்கு பிறகும் ஆட்டம் நிற்காது. டிராகன் பக்கமே போகாமல் தோட்டம் போட்டு, ஆடு வளர்த்து காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

இடத்துக்கும் பஞ்சம் இல்லை. நடக்க நடக்க கம்ப்யூட்டர் புதிய மலையையும் ஆற்றையும் உண்டாக்கிக் கொண்டே போகும். ஒரு கட்டை ஒரு மீட்டர் என்று கணக்கு. ஒரு எல்லையில் இருந்து மறு எல்லைக்கு 60 ஆயிரம் கிலோ மீட்டர். நிஜ பூமியின் சுற்றளவே 40 ஆயிரம் கிலோ மீட்டர்தான்!

பழைய மைன்கிராப்ட்டில் சுமார் 12 ஆயிரத்து 500 கிலோ மீட்டர் போனால் நிலம் தாறுமாறாக தெரியும். கணக்கில் ஏற்பட்ட கோளாறு அது. அந்த இடத்தை நடந்தே அடைவேன் என்று அமெரிக்கர் ஒருவர் 2011 மார்ச்சில் கிளம்பினார். வருஷக்கணக்கில் நடந்தார். அவர் நடப்பதை பார்ப்பவர்கள் கொடுத்த பணம், ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டு சாமான் வாங்கித் தரும் தர்ம ஸ்தாபனத்துக்கு போனது.

போட்டிக் கடைக்கு குண்டு

கூட்டம் சேர்ந்தால் திருடனும் வருவான் அல்லவா?

பல பேர் சேர்ந்து ஆடுவதற்கு "சர்வர்" என்ற பொது இடம் வேண்டும். அதை நடத்துவதே நல்ல வியாபாரம். எதிர்க்கடை மூடினால் கூட்டம் நம்ம கடைக்கு வரும் என்ற கணக்கு இங்கேயும் உண்டு. அமெரிக்காவில் மூன்று வாலிபர்கள் 2016-ல் ஒரு விஷம புரோகிராம் எழுதினார்கள். பெயர் "மிராய்". உலகம் முழுவதும் இருந்த கண்காணிப்பு கேமராக்களை, அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் அடிமைப்படுத்தி, அவற்றை ஏவி விட்டு மைன்கிராப்ட் சர்வர்களை திணற அடிப்பது அதன் வேலை. பிறகு அந்த புரோகிராமை வெளியே விட்டார்கள். அது பலர் கைக்கு போய், 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணைய தளங்களே ஸ்தம்பித்தன. மூவரும் 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அப்பா போட்ட வேலி

இன்னொரு கொடுமை சத்தம் இல்லாமல் நடந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்ப பிடித்துப் போனது. எதிரே ஆள் முகம் பார்த்து பேச வேண்டாம். சொன்ன இடத்தில் கட்டை நிற்கும். அவசரப்படுத்த யாரும் இல்லை. ஆனால் பொது சர்வர்களில் அவர்களை கேலி செய்தார்கள். நாள் கணக்கில் பார்த்து பார்த்து கட்டிய வீட்டை இடித்தார்கள். திட்டி விரட்டினார்கள். பிள்ளைகள் அழுதன.

கனடா நாட்டில் ஸ்டூவர்ட் டங்கன் என்பவர் இதை கேள்விப்பட்டார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். அவருக்கும் உண்டு. 2013 ஜூனில் இந்த குழந்தைகளுக்கு என்றே ஒரு சர்வரை திறந்தார். பெயர் "ஆட்கிராப்ட்". தெரிந்த சில குடும்பங்கள் வரும் என்று நினைத்தார். இடம் கேட்டு கடிதங்கள் குவிந்து விட்டன. கடைசியில் வேலையை விட்டு விட்டு இதையே முழு நேரமும் பார்க்க ஆரம்பித்தார்.

அங்கே சட்டம் சுருக்கம். கேலி கூடாது. அடுத்தவர் கட்டியதை தொடக்கூடாது. அனுமதி பெற்றவர்தான் நுழைய முடியும். மேற்பார்வைக்கு ஆட்கள் உண்டு. விளையாட்டு அதே விளையாட்டுதான். வேலிதான் வேறு!

டென்மார்க் இடிந்தது வேடிக்கை. ஒரு குழந்தையின் வீடு இடிந்தால் அது வேடிக்கை அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை கையில் செல்போனை கொடுத்து விட்டு, அவன் யாரோடு ஆடுகிறான் என்று எட்டிப் பார்க்காத பெற்றோர் இதை கவனிப்பது நல்லது.

இன்னும் நிற்கிறது

2020 மார்ச்சில் "எல்லைகள் அற்ற செய்தியாளர்கள்" என்ற அமைப்பு மைன்கிராப்ட்டுக்குள் பிரமாண்டமான நூலகம் ஒன்றை கட்டியது. சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே போய் புத்தகமாக படிக்கலாம். பத்திரிகையை தடுத்த நாட்டில் விளையாட்டை தடுக்கவில்லை!

2025 ஏப்ரலில் இந்த விளையாட்டு சினிமாவாகவும் வந்தது. வசூல் 90 கோடி டாலரை தாண்டியது. கோழி மேல் சவாரி வரும் காட்சியில் வெளிநாட்டு தியேட்டர்களில் விடலைகள் சோளப்பொரியை வாரி இறைத்து ஒரே ரகளை!

இவ்வளவுக்கும் மூலதனம் என்ன? ஒரு சதுரக் கட்டை. எடுத்தால் வரும், வைத்தால் நிற்கும். உடைத்தால் மறுபடியும் வைக்கலாம். மணல் வீடு கட்டாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அந்த மணலைத்தான் கம்ப்யூட்டருக்குள் கொண்டு போய் கொட்டியிருக்கிறார்கள். அலை வந்து அடித்துக் கொண்டு போகாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"சாப்பாடு ஆறுது, எழுந்து வாடா!" என்று அம்மா கத்தினால் உள்ளே இருந்து பதில் வருகிறது:

"இரும்மா, கூரை மட்டும்தான் பாக்கி!"