வாயில்லா ஜீவன்களும் வாணவெடிகளும்

மீன் கழுவும் நேரமெல்லாம் காலைச் சுற்றிவரும் உங்கள் வீட்டுப் பூனை, தீபாவளியின் முதல் வெடியோசை கேட்டதும் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். சில வீடுகளில் அது மதிலேறிக் குதித்து ஓடிவிடுவதுண்டு. பிறகு அது திரும்பாமலே போனால், பிள்ளைகளைத் தேற்றுவது எளிதன்று.

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். நாய்க்கு அது சுமார் 45,000; பூனைக்கோ சுமார் 64,000. இத்துணை நுட்பமான செவியருகே அணுகுண்டு வெடித்தால் என்னவாகும்? இது பண்டிகை, நாளை ஓய்ந்துவிடும் என்று அதற்கு எடுத்துச் சொல்வார் யார்?

2018 முதல் தமிழகத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையுமே வெடிக்க அனுமதி தரப்பட்டு வருகிறது. எனினும் அதற்கு முன்னும் பின்னும் ஓசை கேட்கவே செய்யும். ஆகவே முன்னேற்பாடு அவசியம்.

பொழுது சாயுமுன்பே பூனைக்கு உணவளித்து, வீட்டின் உள்ளறை ஒன்றில் விட்டுச் சன்னல்களை அடைத்துவிடுங்கள். பழைய துணி விரித்த அட்டைப்பெட்டி, தண்ணீர், மணல் தட்டு ஆகியவை அங்கிருக்கட்டும். மின்விசிறியோ வானொலியோ ஓடினால் வெளியோசை சற்று அமுங்கும். ஒளிந்திருக்கும் பூனையை இழுக்காதீர்கள். அச்சத்தில் அது பிறாண்டும், கடிக்கும். அப்படி நேர்ந்தால் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மனிதர் உண்ணும் மாத்திரையைக் கொடுத்து அமைதிப்படுத்த முயலவே வேண்டாம். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால், பூனையின் உயிரையே பறித்துவிடும். மிகவும் நடுங்கும் பிராணிக்குக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள்.

ஆட்டைத் தெருவோரம் கட்டாதீர்கள். மிரண்டு துள்ளினால் கயிறே கழுத்தை இறுக்கிவிடும். கோழிக்கூட்டையும் கிளிக்கூண்டையும் உள்ளே கொணர்ந்து, காற்றுக்கு இடம்விட்டுத் துணியால் மூடுங்கள்.

அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நம் இல்லத் திருமணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தின்போது சரவெடி வெடிப்பவர்கள் இல்லையா? அந்த ஓசைக்கும் அதே பூனைதானே நடுங்குகிறது!

சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், தம் கண்மாய்க்கு வந்து கூடுகட்டும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விருந்தாளிப் பறவைக்கே ஓர் ஊர் இவ்வளவு செய்கிறது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்ற வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதன் பொருளை அவர்கள் கண்ணாரக் காண, கட்டிலுக்கடியில் நடுங்கும் அந்தச் சிற்றுயிரின் அருகே இன்றிரவு சற்று நேரம் அமர்ந்திருங்கள்.