பல்கலைக்கழகப் படிப்புக்கு அரச உதவிப்பணம்: இடம்பெயர்ந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வன்னிக் கிராமங்களில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் கூடவே வருகிறது. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது, படிப்பிக்கிறதுக்கு வழி என்ன?" என்று தாய்மார் கேட்கின்றனர். சிலர் இருக்கும் நகையை அடகு வைக்கின்றனர். சிலர் வயற்காணி உறுதியையே ஈடுவைக்க யோசிக்கின்றனர். அதற்கு முன்னர், அரசு தரும் உதவிகள் எவை, அவை நமக்குக் கிடைக்காமற் போவது எதனால் என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் முதற் பட்டப் படிப்புக்குக் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, புத்தகம் ஆகியவையே நமக்குள்ள செலவு. உதவிப்பணம் இவற்றுக்காகவே தரப்படுகிறது.

மகாபொலவும் பர்சரியும்

லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராயிருந்தபோது தொடங்கிய மகாபொல நிதியம், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. வர்த்தகச் சந்தைகளும் லொத்தர் சீட்டும் அதற்கு நிதி சேர்த்தன. இப்புலமைப்பரிசிலில் ஒரு சிறு பகுதி திறமைக்காகவும், பெரும்பகுதி குடும்பத்தின் வருமானக் குறைவைப் பார்த்தும் வழங்கப்படுகிறது. மகாபொல கிடைக்காத வசதி குறைந்த மாணவருக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் உதவுதொகை உண்டு. இதையே நாம் பர்சரி என்கிறோம். இரண்டையும் ஒருவரே பெற முடியாது.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. தொகையும் வருமான எல்லையும் காலத்துக்குக் காலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலையே பார்க்க வேண்டும். இது கடனன்று; திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்லாத மாணவருக்குத் தவணை நிறுத்தப்படலாம்.

நாம் தவறவிடுவது எங்கே?

வறுமையை நிரூபிக்கும் பத்திரங்கள் இல்லாமையாலேயே நம்மிற் பலர் உதவியை இழக்கின்றனர். இதில் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காணி. காணி இருப்பது வேறு, காணியில் வருமானம் வருவது வேறு. இரண்டு ஏக்கர் வயலுக்கு உறுதி இருந்தும், அங்கே கால் வைக்க முடியாதவர்களும், பற்றைக்காடாய்க் கிடப்பதால் விதைக்க முடியாதவர்களும் நம்மிடையே உள்ளனர். வருமானப் பத்திரத்தில் "வயல் 2 ஏக்கர்" என்று மட்டும் எழுதினால், வாசிப்பவர் இரு போகமும் விளைகிறது என எண்ணக்கூடும். எனவே அந்நிலம் செய்கை பண்ணப்படவில்லை என்பதைக் காணி இருக்கும் பகுதியின் கிராம அலுவலரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கடிதமாகப் பெற்று இணைத்துவிடுங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்ட வேண்டாம். உண்மையை முழுமையாக எழுதினாற் போதும்.

இரண்டாவது, காணாமற்போன தந்தை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாரின் வேதனையை நாம் அறிவோம். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி, "இறந்தார்" என்று எழுதாமலே "காணப்படாமைச் சான்றிதழ்" பெற இடமுண்டு. தந்தை குடும்பத்துக்கு உழைத்துக் கொடுக்கும் நிலையில் இல்லை என்பதைக் காட்ட இது உதவும்.

மூன்றாவது, பாடசாலை விடுகைப் பத்திரம். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடங்கள் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறில் அடங்கும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது நமது காணி இருக்கும் ஊரன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் பிள்ளை படித்த பாடசாலை. ஆதலால் மாறிய பாடசாலை ஒவ்வொன்றினதும் விடுகைப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, உடன்பிறந்தோர் விபரம். வீட்டில் இன்னும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை விடாமல் எழுதுங்கள். குடும்பச் சுமையைக் காட்டுவது அதுவே.

பத்திரங்களைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். இருவரையும் ஒரே நாளிற் சந்திக்க முடியாமற் போகலாம். பெறுபேறு வரும்வரை காத்திராமல், பரீட்சை முடிந்ததும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றைச் சரிபார்த்து வைத்தால் கடைசி நேர அலைச்சல் குறையும். அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோப் பிரதி வீட்டில் இருக்கட்டும்.

முதல் சில மாதங்கள்

முதல் தவணை பெரும்பாலும் படிப்புத் தொடங்கிச் சில மாதங்களின் பின்னரே கைக்கு வரும். இந்த இடைவெளியிலேதான் குடும்பங்கள் வட்டிக்கடனில் விழுகின்றன. மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ ஒவ்வொரு அறுவடையின் பின்னும் சிறு தொகை சேர்த்து, ஊரிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். பணம் வந்ததும் பிள்ளை திருப்பிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளைக்கு அது உதவும்.

பல்கலைக்கழகம் கிடைக்காதோருக்கு

வவுனியாவில் கல்வியியற் கல்லூரியும் உயர் தொழில்நுட்ப நிறுவகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உள்ளன. தனியார் பட்டப் படிப்புக்கென 2017இல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றையும் தொடங்கியது. வட்டி இல்லாவிடினும் அது கடனே. கையொப்பமிடு முன், படிப்பு முடிந்து வேலை கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் போரினால் நம்மைப்போல் இடம்பெயர்ந்தது. போர் முடிந்தபின் அறிவியல் நகருக்குத் திரும்பியது. வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வாசல் நமது ஊருக்குக் கிட்ட வந்திருக்கிறது. அதனுள் நுழையும் பிள்ளைக்கு உரிய பணம் பிச்சையன்று, உரிமை. ஒரு கையொப்பம் குறைந்ததற்காக அதை விட்டுவிட வேண்டாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஊர் ஆசிரியரையோ முன்னர் உதவி பெற்ற மாணவரையோ கூச்சமின்றிக் கேளுங்கள். தெரிந்தவர்கள் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் நிரப்பிக் கொடுங்கள்.